படத்துக்குள் இருந்த நேரம்

கல்லாற்றில் எங்கள் வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்பதில்தான் சண்டை தொடங்கியது. பொன்முடிக்குப் போய்வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கரமனையில் நாத்தனார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். முந்தின நாள் நாங்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் மலையை மஞ்சு மூடிவிட்டது. ஒரு தேயிலைச் செடி, ஒரு மாடு, எங்கள் முகங்கள், இவ்வளவுதான் பார்த்தோம். அதற்கு யார் காரணம் என்று விசாரணை. என் கணவர் கல்லாற்றில் காலை மட்டும் நனைக்கிறேன் என்று இறங்கி, முழுக்கக் குளித்துவிட்டு வந்ததுதான் காரணம் என்றார் அத்திம்பேர், அதாவது நாத்தனாரின் கணவர். பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டேன், நீங்கள்தான் இரண்டாவது டீ கேட்டீர்கள் என்றார் இவர்.

அத்திம்பேர் வாதாடுகிற ஆள் இல்லை, நிரூபிக்கிற ஆள். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளிவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். வீட்டில் மூன்று கடிகாரங்கள். மூன்றையும் வானொலி நேரத்துக்குச் சரிபார்த்து வைத்திருப்பார். எழுந்து போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். பொன்முடிப் படங்கள் வரிசையாக வந்தன. கல்லாற்றில் எடுத்த முதல் படத்தின்மேல் மவுஸைக் கொண்டுபோய் வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார். அம்பின் கீழே மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதில் கேமராவின் மாடல், படம் எடுத்த தேதி, நேரம். பதினொன்று இருபது. பிறகு கல்லாற்றில் எடுத்த கடைசிப் படத்தின்மேல் வைத்தார். பன்னிரண்டு ஐந்து.

"நாற்பத்தஞ்சு நிமிஷமாக்கும்," என்றார். "படத்துக்குள்ளேயே எழுதி வச்சிருக்கு. நாம ஒண்ணும் பண்ண வேண்டாம், கேமராவே எழுதிக்கும். இனிமே இந்த வீட்டிலே ஒருத்தரும் பொய் சொல்ல முடியாது, கேட்டேளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். வைத்த இடம் சரியில்லை, கவிழ்ந்தது. துணி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அவள் பிறந்த நேரத்தைப் பற்றி நான் எல்லோரிடமும் பொய் சொல்லியிருந்தேன். அவள் பிறந்த அன்று எடுத்த படம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே, பொன்முடிக்கு இரண்டு ஃபோல்டர் தள்ளி இருந்தது.

பொய்க்கான காரணம் நான்தான். என் நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மருமகளாகப் போனால் மாமியார் பிழைக்க மாட்டாள் என்று எங்களவர்களிடம் ஒரு நம்பிக்கை. யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது, கையில் கிடைத்தால் விடமாட்டேன். தொண்ணூறுகளில் என் ஜாதகம் தபாலில் போவதும் தபாலில் திரும்புவதுமாகவே இருந்தது. "பையனின் தாயார் க்ஷேமமாக இருக்கிறார்" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அதற்குமேல் விளக்கம் வேண்டாம். கடைசியில் என் அப்பா தாயில்லாத பையன்களாகத் தேட ஆரம்பித்தார். எங்காவது ஒரு பையனின் அம்மா போய்விட்டாள் என்று கேள்விப்பட்டால் எங்கள் வீட்டில் ஒரு சின்ன நம்பிக்கை எழும். துக்கம் கேட்கப் போகிற முகத்தோடு அப்பா விலாசம் வாங்கிவருவார். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முப்பத்திரண்டு வயதில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் பார்க்க வந்தபோது அவர்கள் கொண்டுவந்த குடும்பப் படத்தில், பையனின் அம்மா இருக்க வேண்டிய இடத்தில் மாலை போட்ட ஒரு சட்டம் இருந்தது. என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி சென்டரில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள், ஜாதகம், எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுப்போம். எத்தனை பேருக்கு நான் நட்சத்திரப் பாதத்தை மாற்றி அடித்துக் கொடுத்தேன் என்று சொன்னால், கரமனையில் இரண்டு தெருக் கல்யாணங்கள் ஆட்டம் கண்டுவிடும். அதனால் பஞ்சாங்கம் எனக்குப் பாடம். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு முன்னும் பின்னும் பத்து நாளுக்கு என்னென்ன நட்சத்திரம், எந்த நிமிஷம் வரை என்று கர்ப்பகாலத்தில் ஒரு காகிதத்தில் எழுதித் தலையணை உறையில் வைத்திருந்தேன். வலி எடுத்த அன்று காலை பத்து நாற்பத்து மூன்று வரை ஆயில்யம். அதன் பிறகு மகம்.

பிரசவ அறையில் எனக்கு நேர் எதிரே பெரிய கடிகாரம். அதைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை. நர்ஸ் முக்கு, முக்கு என்று அதட்டினார். நான் முக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்ன நினைத்தாரோ, என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பத்து முப்பத்தொன்றுக்கு அவள் வந்துவிட்டாள். பன்னிரண்டு நிமிஷம் முன்னதாக. "பெண்குட்டியா, கேட்டோ," என்று நர்ஸ் மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். நான் அழுதேன். சந்தோஷம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டார்.

பிறகு செய்தது சின்ன வேலை. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் 10.31 என்று நீலப் பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். மூன்றின் தலையில் ஒரு கோடு, கழுத்தில் ஒரு இழுப்பு. மூன்று ஐந்தாயிற்று. பத்து ஐம்பத்தொன்று, மகம் முதல் பாதம். என் கணவர் கைக்கடிகாரம் கட்டுகிறவர் இல்லை, நேரம் கேட்டால் காலை, மத்தியானம் என்று சொல்கிறவர். அவரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் அக்காவிடம் பத்து நிமிஷம்கூட மறைக்க மாட்டார். ஜாதகம் கணித்தவர் அத்திம்பேர். கம்ப்யூட்டரில் ஜாதகம் போடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. அச்சிட்ட தாளை என்னிடம் நீட்டி, எட்டு நிமிஷத்தில் தப்பித்தாள் உன் பெண், இல்லாவிட்டால் உன் பாடுதான் அவளுக்கும் என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

என் நாத்தனாருக்கு ஒரே பையன், என் மகளைவிட எட்டு வயது பெரியவன். அத்தை மகன், முறைப்பையன். தொட்டிலில் கிடந்தவளைக் கொஞ்சும்போதே நாத்தனார், வெளியே எங்கேயும் கொடுக்காதே, இவள் எங்கள் வீட்டுக்குத்தான் என்று சொல்வாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் சொல்லும்போதெல்லாம் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். என் மகளுக்கு மாமியாராக வர ஆசைப்படுகிறவள் அவள். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்றால் அந்த மூன்றை ஏன் ஐந்தாக்கினேன்? நம்பிக்கை உண்டு என்றால், என்னிடம் பிரியமாக இருக்கிற ஒருத்தியின் உயிரோடு விளையாடுகிறேன் என்று ஆகிறது. இந்தக் கேள்வியை நான் உட்கார்ந்து யோசித்ததே இல்லை. உட்கார்ந்தால் வந்துவிடும் என்று எப்போதும் ஏதாவது வேலையாக இருந்தேன்.

இப்போது படத்துக்குள் ஒரு கடிகாரம். கொழுந்தனார் வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொடுத்துவிட்டுப் போன டிஜிட்டல் கேமரா அது. நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வராந்தாவில் காட்டியபோது என் கணவர் அதில் எடுத்ததுதான் முதல் படம். கேமராவின் கடிகாரம் தப்பாக இருந்திருக்கலாமே என்று கூட எனக்கு ஆறுதல் இல்லை. அதை வானொலி நேரத்துக்குத் திருப்பி வைத்துக் கொடுத்தவரே அத்திம்பேர்தான்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆஸ்பத்திரிப் படங்களெல்லாம் ஒரு சிடியில் எழுதி பீரோவில் இருந்தன. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு டிடிபி சென்டருக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். முதல் படத்தின்மேல் மவுஸை வைத்தேன். மஞ்சள் கட்டம். பத்து முப்பத்தெட்டு. பிறக்காத குழந்தை, ஜாதக நேரத்துக்குப் பதின்மூன்று நிமிஷம் முன்னாலேயே நர்ஸ் கையில் கண்ணை மூடித் தூங்குகிறது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், அதுதான் மோசமானது. சிடியை வெளியே எடுத்து இரண்டாக வளைத்தேன். சுலபத்தில் உடையவில்லை. காலடியில் வைத்து உடைத்து, துண்டுகளைக் கடைசிப் பேருந்து நிறுத்தம் வரை நடந்துபோய்க் குப்பையில் போட்டேன். அந்தப் படங்களை நாங்கள் பிரிண்ட் போட்டிருக்கவில்லை என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் அது ஒரு பொருட்டாகப் படவில்லை.

இனி மிச்சம் இரண்டு. கொழுந்தனாருக்கு மின்னஞ்சலில் போனது ஒன்று, அத்திம்பேரின் கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று. கொழுந்தனாருக்கு ஏதோ காரணம் சொல்லி எழுதி, அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். வந்தது. தபால்தலை அளவுதான் இருந்தது. அன்று பிரவுசிங் சென்டரில் லைன் போகாமல் படத்தைச் சுருக்கி அனுப்பியிருக்கிறார்கள். மவுஸை மேலே வைத்துப் பார்த்தேன். தேதி இல்லை, நேரம் இல்லை, கேமரா பெயர்கூட இல்லை. சுருக்கியபோது எல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. அப்படியானால் உதிர்க்க வழி இருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பொன்முடிப் படங்களைக் கேட்டு வாங்கிவந்து சென்டரில் சோதனை செய்தேன். முதலாளி சாப்பிடப் போகும் நேரமெல்லாம் இதே வேலை. ஃபைலின் பெயரை மாற்றினேன், நேரம் அப்படியே இருந்தது. படத்தை இருட்டாக்கினேன், வெளிச்சமாக்கினேன், நேரம் நகரவில்லை. ஒரு படத்தில் ஓரமாக நின்ற அத்திம்பேரை வெட்டி எறிந்துவிட்டு நாத்தனாரை மட்டும் வைத்துச் சேமித்தேன். திறந்து பார்த்தால் நாத்தனார் மட்டும். ஃபோல்டரில் சின்னப் படங்களாக வைத்துப் பார்த்தால், வெட்டி எறிந்த அத்திம்பேர் குரங்குக் குல்லாவோடு பழையபடி நிற்கிறார். படத்துக்குள்ளே அதன் பழைய உருவமும் தம்மாத்தூண்டாக ஒளிந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு பயமாகவும் இருந்தது. ஒரு வாரம் கழித்து, இணையத்தில் போடுவதற்காகப் படத்தைச் சேமிக்கிற வேறொரு வழி எங்கள் மென்பொருளிலேயே இருப்பதைப் பார்த்தேன். அந்த வழியில் சேமித்தால் படம் மட்டும் வந்தது. பின்னால் இருந்த எழுத்து, ஒளிந்திருந்த அத்திம்பேர், ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாளே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அத்திம்பேர் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, ஒரு பயோடேட்டா அவசரமாக அடிக்க வேண்டும், சென்டரில் கரண்ட் இல்லை என்று சொல்லிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். படத்தைச் சுத்தம் செய்து அதே இடத்தில் வைத்துவிடுவதாகத்தான் எண்ணம். குழந்தை பிறந்த அன்றைய ஃபோல்டரைத் தேடினேன். இல்லை. பொன்முடி இருந்தது, நவராத்திரிக் கொலு இருந்தது, அது மட்டும் இல்லை. நாத்தனார் காப்பியோடு வந்து நின்றாள். கம்ப்யூட்டரில் ஏதோ வைரஸ், ஆள் வந்து சரிசெய்தான், கொஞ்சம் ஃபைல்கள் போயின என்று சாதாரணமாகச் சொன்னாள். காப்பி ஆறுகிறது என்றாள்.

நான் அதை நம்பவில்லை. வைரஸ் என்ன, ஜாதகம் பார்த்தா தின்னும்? அத்திம்பேர் பார்த்துவிட்டார், எடுத்துத் தனியாகப் பத்திரப்படுத்தியிருக்கிறார், சமயம் பார்த்துக் கேட்பார் என்றே என் மனம் சொன்னது. அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வருஷம் நான் அந்த வீட்டுக்கு இயல்பாகப் போய்வந்ததே இல்லை. அத்திம்பேர் தொண்டையைக் கனைத்தால் எழுந்து நிற்பேன். காலம் நேரம் என்று அவர் எதைப் பேசினாலும் எனக்குத்தான் சொல்கிறார் என்று தோன்றும். மகளின் நட்சத்திரப் பிறந்தநாளுக்கு, அந்தப் பொய் மகத்துக்கு, நாத்தனார் வருஷா வருஷம் பால் பாயசம் வைப்பாள். ஒரு வருஷம் பாயசத்தின் நடுவில் அத்திம்பேர், குழந்தை ஜாதகத்தை மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். எனக்குப் புரையேறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பார்த்தால் அவர் புது சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார், கட்டங்களெல்லாம் கலரில் வருமாம்.

வீட்டிலும் நான் சும்மா இருக்கவில்லை. யாராவது குழந்தையைப் படம் எடுத்தால், கேமராவை வாங்கித் தேதி வைக்கும் இடத்தில் கண்டபடி மாற்றி வைப்பேன். என் மகள் ஒரே வாரத்தில் இரண்டு வருஷம் வளர்ந்து, மறுபடி சின்னவளாகிவிடுவாள். என் கணவர் கேமரா கெட்டுவிட்டது என்று இரண்டு தடவை ரிப்பேருக்குக் கொண்டுபோனார். சென்டரில் வரன் பார்க்க அனுப்புகிற படங்கள் எங்கள் வழியாகப் போகும்போது ஒவ்வொன்றையும் நானே சுத்தம் செய்து அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவுமில்லை. ஒரு பெண்ணின் "சமீபத்திய படம்" நான்கு வருஷப் பழசு என்று அதன் உள்ளே எழுதியிருந்தது. அதைப் பார்த்தது நான் ஒருத்திதான், அழித்தேன். தன் முகத்தை மட்டும் கொடுக்கிறேன் என்று நினைத்து ஜனங்கள் வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு சார்ட் கேட்டார்கள். பிறந்ததிலிருந்து வருஷத்துக்கு ஒரு படம் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். முதல் கட்டத்தில் பிறந்த நாளன்று எடுத்த படம். என்னிடம் இருந்தது கொழுந்தனார் திருப்பி அனுப்பிய தபால்தலைதான். பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்தேன். வெள்ளைத் துணியும் அதன் நடுவில் பழுப்பாகச் சில சதுரங்களும் வந்தன. மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை. மகள் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் முகம் எங்கே என்று கேட்டாள். சிடி கீறிவிட்டது என்றேன். அவள் அழவில்லை. பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணின் படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. நான் நேரத்தை அழிக்கப் போய்ப் பெண்ணின் முகத்தை அழித்திருந்தேன். அந்த முகத்தை நினைவிலிருந்து எடுக்கப் பார்த்தால், எனக்கு அந்தப் பிரசவ அறையின் கடிகார முகம்தான் வந்தது.

மறுநாள் மாலை பள்ளிக்கூடம் விட்டதும் வழக்கம்போல அவள் அத்தை வீட்டுக்குப் போனாள். நான் வேலை முடித்துக் கூட்டிவரப் போவதற்குள், அந்தச் சதுரப் படத்தை அத்தையிடம் காட்டியிருக்கிறாள். நாத்தனார் உள்ளே போய்ப் பரணிலிருந்து கொலுப் பொம்மைப் பெட்டியை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். செட்டியார் பொம்மைக்கு அடியிலிருந்து, பழைய ரவிக்கைத் துணியில் சுற்றிய ஒரு சிடியை எடுத்தாள். அத்திம்பேர் கோயிலுக்குப் போயிருந்தார். அவளே கம்ப்யூட்டரைத் திறந்து சிடியைப் போட்டாள்.

திரை முழுக்க என் மகள். நெற்றியில் ஒட்டிய ஈர முடி, சுருங்கிய கண், கோபித்துக்கொண்ட வாய். வலது புருவத்தின் மேல் ஒரு சிவப்புக் கீறல், அது இருந்ததே எனக்கு மறந்துவிட்டது. ஓரத்தில் என் கணவரின் கட்டைவிரல். நாத்தனார் படத்தை மூடி, ஃபோல்டரில் அதன்மேல் மவுஸை வைத்துக் கையை எடுத்துக்கொண்டாள். மஞ்சள் கட்டம் வந்தது. என் கை தன்னால் மவுஸுக்குப் போயிற்று.

"விடுடி, இருக்கட்டும்," என்றாள். "நேக்கு அப்பவே அறியும். அவர் கல்லாத்துக் கணக்கு காமிச்சாரே, அன்னிக்கு நீ காப்பியைக் கொட்டினாய் பாரு, அப்பவே நினைச்சேன். மறுநாள் உக்காந்து பாத்தேன். அவர் கண்ணில படறதுக்கு முன்னாடி எடுத்து ஒளிச்சு வச்சேன். வைரஸ்னு சொன்னேன்."

நான் என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தேன். நாத்தனாருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான், இல்லை, அவளுக்காக இல்லை, என் பெண்ணுக்காகத்தான், எனக்கு நடந்தது இவளுக்கு நடக்கக் கூடாது என்றுதான். ஒன்றும் கோவையாக வரவில்லை. அவள் என்னை முடிக்க விடவில்லை.

"அம்மா இல்லாத வீடாப் பாத்து உன்னைத் தந்தா. அந்த அம்மா என் அம்மாவாக்கும். நீ இந்த வாசல்படி ஏறறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிட்டா. சுகர். காலை வெட்டி எடுத்தா, பின்னே ரொம்ப நாள் இருக்கலை. எந்த நட்சத்திரமும் வந்து அவளைக் கொல்லலை. நேக்கு வரது வரட்டும். அதுக்காக இவ மூஞ்சியை ஏண்டி அழிச்சாய்?"

இத்தனை வருஷத்தில் அந்த மாலை போட்ட படத்தை நான் ஒரு தடவைகூட இவளுடைய அம்மா என்று நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு வழிவிட்ட படம், அவ்வளவுதான். அதற்காக வெட்கப்பட்டேன், அவள் முன்னால் அழுதேன். அவள் தடுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மூக்கைச் சிந்து, குழந்தை வருகிறாள் என்றாள்.

சார்ட்டுக்கு அந்தப் படத்தைச் சென்டரில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். காகிதத்தில் மஞ்சள் கட்டம் கிடையாது. கொழுந்தனாருக்கும் பெரிதாக ஒன்று அனுப்பினேன், உள்ளே இருந்ததையெல்லாம் உதிர்த்துவிட்டுத்தான். அந்தப் பழக்கத்தை இன்றுவரை நான் விடவில்லை. சிடி மட்டும் முழுசாக இருக்கிறது. அதில் நான் கை வைக்கவில்லை.

ஆனால் அது எல்லாம் பிறகு. அன்று மாலை மகள் ஓடிவந்து, நாற்காலியில் என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். தன் முகத்தைப் பார்த்து, எவ்வளவு அசிங்கமாக இருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டாள். பிறகு மவுஸைத் தானே பிடித்துப் படத்தின்மேல் வைத்தாள். அப்போதுதான் மணி பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள், எண் எங்கே இருந்தாலும் படிப்பாள். விரலை வைத்து, பத்து, முப்பத்தெட்டு என்று படித்தாள்.

"அப்பத்தான் நான் வந்தேனா?"

வருஷக்கணக்காக வாய்க்குப் பழகியிருந்த பத்து ஐம்பத்தொன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு ஏழு நிமிஷம் முந்தி," என்றேன். "பத்து முப்பத்தொண்ணு. நான் கடியாரத்தைப் பாத்துண்டேதான் இருந்தேன். கொஞ்சம் இரு, கொஞ்சம் இருன்னு உன்கிட்டே சொன்னேன். நீ கேக்கலை."

அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நான் கேட்கவே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன்.